இருமலுக்குப் பிறகு

முடிவு தெரியாத கதையை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. துப்பறியும் நாவலென்றால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். லீவு நாளில் கையில் புத்தகத்தோடு ஏதாவது பாசஞ்சர் ரயிலில் ஏறுவேன். இறங்குகிற ஊரில் படம் வரைகிறவரையோ பொம்மை செதுக்குகிறவரையோ பிடித்து வாயைக் கிளறிப் பத்திரிகைக்கு எழுதுவேன். அப்படித்தான் ஹூவெய் என்ற ஊரில் பொம்மலாட்டக்காரர் லியாவ் தெங்-கியைப் பிடித்தேன்.

கோயிலுக்கு எதிரே லாரியின் பக்கவாட்டைத் திறந்து பொம்மலாட்ட மேடை போட்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்டம் சாமிக்கு. அதனால் பார்க்க ஆளில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு மடக்கு மேசை, அதில் ஒருவரின் போட்டோ. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறும், சோற்றில் செங்குத்தாக நட்ட இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளும். செத்தவர்களுக்கு மட்டும்தான் அப்படி நடுவோம். சின்ன வயதில் என் சோற்றில் விளையாட்டாக நட்டதற்கு அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

"என் அண்ணன் மிங்-ஹோ," என்றார் தெங்-கி. "குரலெல்லாம் அவன்தான். நான் கைய மட்டும்தான் ஆட்டுவேன். இப்பவும் அவன்தான் பேசுறான், டேப்புல."

"என்ன கதை மாமா?"

"அண்ணன் தம்பி சண்டை. தம்பி துரோகம் பண்ணிட்டான்னு அண்ணன் கத்திய ஓங்குவான். அத ரெக்கார்ட் பண்றப்பதான் என் அண்ணனுக்கு இருமல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பல."

"அப்ப முடிவு?"

"யாருக்குத் தெரியும்? எழுதி வைக்கிற ஆளா அவன்? வாய்க்கு வந்ததச் சொல்லுவான். அதுவுமில்லாம அப்ப எங்களுக்குள்ள பேச்சே இல்ல. நான் வேற குழுவுக்குப் போறேன்னு சண்ட போட்டிருந்தேன்."

"நீங்களே ஒரு முடிவு வச்சுக்கக் கூடாதா?"

"வெட்டுறதா விடுறதான்னு நானா சொல்றது? அவன்ல சொல்லணும்." கையிலிருந்த அண்ணன் பொம்மையின் சட்டையை நீவிவிட்டார். "ஒவ்வொரு தடவையும் ஓங்குன கத்தியோடதான் இவனப் பெட்டியில படுக்க வைக்கிறேன். அப்புறம் எனக்கெங்க தூக்கம் வரும் புள்ள?"

எனக்குப் பாவமாக இருந்தது.

பிளாஸ்டிக் ஸ்டூலில் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தேன். மிங்-ஹோ பிரமாதமான ஆள்தான். கிழவி, குடிகாரன், ராஜா என்று ஒரே தொண்டையில் ஊரே பேசியது. ஆனாலும் பழைய டேப்பாயிற்றே, இழுத்தது. மடியிலிருந்த நாவலைத் திறந்தேன். கத்தி உயர்ந்தது. இருமல் வந்தது. பிறகு டேப்பின் இரைச்சல் மட்டும். அவ்வளவுதான் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

"ஏய் மஞ்சக்கோட்டு! ஆட்டம் நடக்கறப்ப என்னடி படிப்பு? மூடு புத்தகத்த."

அதே குரல். இருமலின் கரகரப்பு இன்னும் அதில் மிச்சமிருந்தது. அந்த மஞ்சள் மழைக்கோட்டை அன்று காலையில்தான் ஸ்டேஷன் வாசலில் வாங்கியிருந்தேன். கை தானாகப் புத்தகத்தை மூடியது.

பொம்மை மெல்லக் கத்தியை இறக்கியது.

"போடா தம்பி, கோவமெல்லாம் தீந்துபோச்சு. சோறு ஆறுது. வந்து சேரு."

தெங்-கி மழையில் ஓடிவந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"கேட்டியா புள்ள? என்னை மன்னிச்சுட்டான்! கோவம் இல்லியாம்!"

நானும் அழுதேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு மனுஷனுக்கு நிம்மதி கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. 'வந்து சேரு' என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"பசிக்குது. இன்னைக்குத்தான் நல்லாப் பசிக்குது," என்று மேடைக்குப் பின்னால் போனார். நானும் போனேன். டப்பாவிலிருந்த சோற்றை ஒரு கிண்ணத்தில் தட்டி, அண்ணன் கிண்ணத்தை ஒட்டி வைத்தார். பிறகு தன் குச்சிகளை எடுத்துச் சோற்றின் நடுவில் செங்குத்தாக நட்டார். எங்கள் ஊரில் தூக்கத்தில்கூட யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அவர் சிரித்தபடி அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, குச்சி! அத எடுங்க முதல்ல!"

பிடுங்கக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது. டேப் எப்போதோ நின்றுபோயிருந்தது. தெங்-கியின் வாய் திறந்தது. முதலில் ஓர் இருமல். அதன் பின்னால் மிங்-ஹோவின் குரல்.

"எங்க அண்ணன் தம்பி நடுவுல உனக்கென்னடி வேல? போய் உன் புத்தகத்தப் படி."