பச்சை மூடிய ஏரி

ஏரியின் நடுவே வலைக்கூண்டு போட்டு மீன் வளர்த்ததால் அவருக்குக் கூண்டுக்காரர் என்று பெயர். மேட்டில் கொட்டகை போட்டுக் கோழி வளர்த்த அவருடைய மச்சினனுக்குக் கோழிக்காரன் என்று பெயர். இருவரும் சேர்ந்து கடைத்தெருவில் நடந்தால், "கூண்டும் கோழியும் ஒண்ணா வருது, கதவைச் சாத்திட்டாங்களான்னு பாரு" என்று யாராவது சொல்வார்கள். நல்ல நாட்களில் இருவரும் சிரிப்பார்கள்.

அந்த வருடம் நல்ல நாட்கள் குறைவு. ஏரிக்குள் ஆகாயத்தாமரை வந்திருந்தது. முதலில் ஓடை வந்து சேரும் மூலையில் ஒரு பாய் விரித்த அளவுக்குத்தான் இருந்தது. ஊதாவாகப் பூத்தபோது கூண்டுக்காரரின் மனைவியே ஒரு கொத்தைப் பறித்து வந்து ஜன்னலில் வைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அது ஏரியில் பாதியை விழுங்கிவிட்டது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அந்தப் பச்சை மெத்தை நகர்ந்து போகும். அதற்கு அடியில் அகப்பட்ட தண்ணீருக்கு வெயிலும் கிடையாது, மூச்சும் கிடையாது.

அன்று காலை காற்றே இல்லை. கூண்டுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதப்பது கரையிலிருந்தே தெரிந்தது. கூடமாட இருக்கும் ஆள் விடுப்பில் போயிருந்தான். ஒற்றை ஆளாக வலையைத் தூக்க முடியாது. மனைவிதான் தன் தம்பி கோழிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"மாமாகூடப் போயிட்டு வா. வாயைத் திறக்காதே," என்றாள் தம்பியிடம். பிறகு கணவரைப் பார்த்து, "உங்களுக்கும் அதேதான்," என்றாள்.

படகு பாதித் தூரம் போவதற்குள் காற்று எழுந்துவிட்டது. ஓரத்தில் கிடந்த மெத்தை சத்தமே இல்லாமல் இடப்பக்கமிருந்து வந்தது. கூண்டுக்காரர் மோட்டாரை முறுக்கினார். விசிறியில் வேர் சுற்றிக்கொண்டது. மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியே இல்லை. நாலாபக்கமும் இடுப்பளவுக்கு இலை. துடுப்பைக் குத்தினால் துடுப்புதான் மாட்டிக்கொண்டது.

கரையில் மனைவி தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தாள். போன் அடித்தது.

"என்ன அங்கேயே நிக்கிறீங்க?"

"நாங்க எங்கே நிக்கிறோம்? நிறுத்தி வெச்சிருக்கு."

அவள் ஆளுக்காக அலைந்தாள். களை வாரும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. வேறு படகு வந்தாலும் இதே கதிதான் என்று துறையில் எல்லோரும் கைவிரித்தார்கள். காற்று மாறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வெயில் ஏறியது. படகுக்குள் அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் ஆகப் பெரிய பாடாக இருந்தது. எதிரே, கூப்பிடு தூரத்தில், கூண்டுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆயிரம் வாய்கள் தண்ணீரைக் கிள்ளுகிற அந்தச் சின்னச் சத்தம் விடாமல் கேட்டது. கூண்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். காதைத் திருப்ப முடியவில்லை.

இலைமேல் ஒரு பறவை நீள விரல்களைப் பரப்பி, வாசலில் உலாத்துவதுபோல் நடந்து போனது. கோழிக்காரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுமேல நடக்க முடியுது, மாமா."

"அது இலைக்கோழி, மாப்ள. அதுக்கு உடம்பை விட விரல் பெரிசு. நீ உட்காரு."

அவன் உட்காரவில்லை. மூடிய இடம் என்றாலே சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஆகாது. இங்கே கூரை இல்லை, சுவர் இல்லை, ஆனாலும் அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். கூண்டுக்காரர் எட்டிப் பிடிப்பதற்குள் காலை வெளியே வைத்துவிட்டான். ஓர் அடி தாங்கியது. அடுத்த அடியில் மெத்தை வாயைப் பிளந்து அவனை மார்பு வரை இழுத்துக்கொண்டது. கால்களைக் கறுப்பு வேர்கள் பின்னிக்கொண்டன. அவன் கத்தவில்லை, கத்த மூச்சில்லை. கூண்டுக்காரர் படகில் குப்புறப் படுத்து, அவன் அக்குளில் கைகொடுத்து, படகு சாயச் சாய இழுத்தார். உள்ளே வந்து விழுந்தபோது அவன் மேலெல்லாம் அழுகல் நாற்றம்.

வெகுநேரம் இருவரும் மூச்சு வாங்கினார்கள். பிறகு கூண்டுக்காரரால் அடக்க முடியவில்லை.

"உன் கொட்டகை எருதான் மழையில கரைஞ்சு ஓடை வழியா வருது. அதைத் தின்னுதான் இது இப்படிக் கொழுத்திருக்கு. எத்தனை தரம் சொன்னேன்?"

"சொன்னீங்க. அதே வாயாலதான் மீனுக்குப் போடக் கோழிக்கழிவு கேட்டீங்க. தினமும் கூடை கூடையா ஏரியில கொட்டினது யாரு?"

கூண்டுக்காரர் துடுப்பில் சுற்றிய வேரைப் பிய்த்துப் போட்டார்.

"ஓடை முனையில நாணல் காடு மாதிரி நின்னுச்சு, மாமா. என் கொட்டகை எரு முன்னாடியும்தான் கரைஞ்சுது. நாணல்ல மாட்டி அங்கேயே நின்னுடும். படகு இறக்க இடம் வேணும்னு அதை வெட்டுனது நீங்க. உங்களுக்கு அரிவாள் தந்தது நான்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. நாணலில் கூடு கட்டிய பறவைகளெல்லாம் இப்போது இந்த மிதக்கும் பச்சையில் வந்து முட்டையிட்டிருந்தன. படகின் மூக்குக்கு அருகிலேயே நான்கு முட்டைகள், மினுங்கும் பழுப்பு நிறத்தில், இலைமேல் ஈரமாகக் கிடந்தன.

மெத்தையோடு சேர்ந்து படகும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பின்மதியத்தில் கூண்டுக்காரரின் கண்ணில் இலைகளுக்கிடையே ஒரு மஞ்சள் மிதவை பட்டது. கரைத் தூணிலிருந்து கூண்டு வரை போகும் கயிற்றின் மிதவை. கொக்கிக் கழியை விட்டு மூன்றாம் முயற்சியில் கயிற்றைத் தூக்கினார். வழுக்கியது, ஆனால் இறுக்கமாக இருந்தது.

கோழிக்காரன் பாய்ந்து, கயிற்றைக் கரைப்பக்கமாகப் பிடித்தான். "இழுங்க, மாமா. வீட்டுக்குப் போயிடலாம்."

"முதல்ல அந்தப் பக்கம்."

"செத்த மீனைப் பார்க்கவா?"

"சாகாததைப் பார்க்க."

மச்சினன் அவரை ஒரு கணம் பார்த்தான். என்ன நினைத்தானோ, கயிற்றில் அவர் கைக்கு முன்னால் தன் கையை வைத்தான். முழம் முழமாக இழுத்தார்கள். படகின் மூக்கு பச்சையைக் கிழித்துப் போனது. முட்டைகள் கிடந்த இலைத்திட்டைக் கழியால் ஓரமாகத் தள்ளப் பார்த்தார். திட்டு சாய்ந்து, முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு தண்ணீருக்குள் போயின. தாய்ப்பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டே வட்டமடித்தது. இருவரும் நிமிரவில்லை.

கூண்டில் பாதி செத்திருந்தது. மீதியின் செவுள்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஆற்றுக்குத் தண்ணீர் இறங்கும் மதகுப் பக்கம் மட்டும் ஏரி இன்னும் வெள்ளையாய்த் திறந்து கிடந்தது. கூண்டுக்காரர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அந்தப் பக்கத்து வலையை மேலிருந்து கை எட்டும் ஆழம் வரை கிழித்தார். குழந்தைகளைப்போல் தீனி போட்டு வளர்த்த மீன்கள் உடனே போகவில்லை. கிழிசலருகே வந்து தயங்கின. கோழிக்காரன் தண்ணீரைத் தட்டித் தட்டி விரட்டினான். ஒன்று போனது. பிறகு மொத்தமும் பளீரென்று திரும்பி ஓடியது.

திரும்பி வரும் வழியில் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. கரை ஏறியபோது சூரியன் இன்னும் விழவில்லை. மனைவி இருவரையும் திட்டவில்லை. கைகளைக் கழுவிவிட்டு மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். "ரெண்டு பேர் கையிலயும் ஒரே காயம்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் மதகுப் பக்கமும் மூடிக்கொண்டது. படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கூண்டுக்காரர் மச்சினனின் கொட்டகைக்கே வேலைக்குப் போனார். எரு ஓடைக்குப் போகாமல் குழி வெட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. இருவருமாக வெட்டினார்கள். ஓடை முனையில் நாணல் கட்டைகளை ஊன்றினார்கள். சில வேர்விட்டன, பல அழுகின. கோழிகளை நிறுத்திவிடலாமே என்ற பேச்சு எழவே இல்லை. இரண்டு வீட்டு அடுப்பும் இப்போது அதில்தான் எரிந்தது.

கோடையில், மதகுக்குக் கீழே ஆற்றில் வலை வீசும் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். வாளியைக் கீழே வைத்தார். உள்ளே முழுக்கக் கூண்டுக்காரரின் வளர்ப்பு மீன்கள்.

"உங்களோடதுதானே? பெருகிப் போச்சு. எங்க ஆத்து மீனோட முட்டையை ஒண்ணு விடாம தின்னுடுது. பொடி மீனே காணோம். மீன்கொத்திகூட இப்ப அந்தப் பக்கம் வர்றதில்லை."

கூண்டுக்காரர் வாளிக்குள் பார்த்தார். அவற்றின் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"நான் நல்லதுன்னு நினைச்சுதான் விட்டேன்."

"நான் கெட்டதுன்னு சொல்ல வரலை," என்றார் வலைக்காரர். "ஆனா இப்ப இதை என்ன பண்றது, சொல்லுங்க."

கோழிக்காரன் மண்வெட்டியோடு குழியிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் நின்றான். மூவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகைக்குள் கோழிகள் தீனிக்காகக் கத்தத் தொடங்கின. கூண்டுக்காரர் "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தீவனச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.