கியர் வண்டிதான் வேண்டும்

வேலூர் ஷோரூமில் காட்டிய கார் ஆரணிப் பட்டு வியாபாரி சம்பந்தத்துக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பின்னால் பட்டுச் சேலை மூட்டைகளை வைக்கத் தாராளமாக இடம் இருந்தது. இதிலேயே கியர் வண்டி வேண்டும் என்றார். விற்பனையாளன் எழிலரசன் அவருடைய இடது கையை ஒருமுறை பார்த்தான். பைக்கிலிருந்து விழுந்து, முழங்கையில் தகடு வைத்த கை அது. சரியாக மடங்காது, மணிக்கட்டும் திரும்பாது.

கியர் வண்டி இப்போதெல்லாம் விலை குறைந்த மாடலில் மட்டும்தான் வருகிறது, அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, எல்லாரும் ஆட்டோமேட்டிக்தான் கேட்கிறார்கள் என்றான் எழிலரசன். அவருடைய கைக்கும் அதுதான் சௌகரியம் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

"கியரை வீட்ல போடுவாங்க," என்றார் சம்பந்தம்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததில் அதிசயமும் இல்லை. கை இப்படி ஆன பிறகு இனி வண்டி ஓட்டுவதை மறந்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்போது மனைவி ரேணுகாதேவிதான், "நீங்க கிளட்ச்ச மிதிங்க, நான் போடறேன்," என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆரணிக் கோட்டை மைதானத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பழகினார்கள். அவர் 'ரெண்டு' என்பார், போடுவாள். 'மூணு' என்பார், போடுவாள். கொஞ்ச நாளில் அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே அவள் கை கியருக்குப் போய்விடும். தறிக்காரர்களுக்குப் பட்டு கொடுக்கவும் நெய்த சேலைகளை வாங்கி வரவும் தேவிகாபுரம், தேசூர் என்று இரண்டு பேருமாகத்தான் போவார்கள்.

பூனாவில் மகன் தீனாவுக்குக் குழந்தை பிறந்தபோது ரேணுகாதேவி அங்கே போனாள். குழந்தை நடக்கட்டும் என்றார்கள், பிறகு பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்றார்கள். அது இப்போது வேனில் ஏறித் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறது. பழைய காரோ ஷெட்டில் கிடந்து பாட்டரி செத்து, ஒருநாள் விலைக்கும் போய்விட்டது. சம்பந்தம் பஸ்ஸில் மூட்டையோடு அலைந்தார். புது வண்டி வந்தால் அவளும் வருவாள் என்று எப்படியோ அவர் மனசுக்குள் முடிவாகியிருந்தது.

ஷோரூம் வாசலுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டார். கியர் வண்டி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லி வைக்கப்போகிறேன், வண்டி வருவதற்குள் நீயும் கிளம்பி வந்துவிடு என்றார்.



"கியர் போடத்தான் கூப்புடறீங்களா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. வீட்டில் விளக்குப் போடக்கூட மனசு வரவில்லை, ஒருத்தனுக்கு உலை வைக்கப் பேஜாராக இருக்கிறது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லாத வாய், சமயத்தில் திறக்கவில்லை.

"ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்குங்க," என்றாள் ரேணுகாதேவி. "இங்கியே இருந்துகினு எனக்குப் பழகிடுச்சி. சாயங்காலமானா நாலு பேர் வர்றாங்க, பேசிகினு நடக்கறோம். அங்க வந்து நான் என்னாங்க பண்ணப்போறேன்?"

"சரி," என்றார்.

திரும்ப உள்ளே போனபோது எழிலரசன் எழுந்து நின்றான். அவன் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

வண்டி வந்த வாரமே தேவிகாபுரத்துக்குக் கிளம்பினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இடது கால் கிளட்ச்சைத் தேடி பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த டெம்போக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். அதற்குப் பிறகு காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஓட்டினார். வண்டி தானாகவே வேகம் மாற்றிக்கொண்டு, அவரை எதுவும் கேட்காமல் போயிற்று.

தேவிகாபுரத்தில் தறிக்கார அபிதகுசாம்பாள் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு முன் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வர்லீங்களா?"

பஸ்ஸில் வந்த நாட்களில் எல்லாம் இதைத்தான் கேட்டாள். அடுத்த மாசம், லீவு விட்டதும், பொங்கலுக்கு என்று அவரும் ஏதாவது சொல்லி வைத்திருந்தார்.

"அவங்க இனிமே வர மாட்டாங்கம்மா. பூனாவுலயே இருந்துட்டாங்க."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே காதில் விழுந்தது. அபிதகுசாம்பாள் உள்ளே போனாள். சேலைகளை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். யார் வீட்டிலும் கை நனைக்காத மனுஷர், சரி என்று உட்கார்ந்தார். கத்திரிக்காய்க் குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது வீடு போய்ச் சேர அவசரப்படவில்லை, நேர்வழியில் வரவும் இல்லை. போளூர் போய், சந்தவாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஆரணிக்கு வந்து சேர்ந்தார்.