எந்த மெமரி போடுவது

எங்கள் ஊரில் இறந்தவர்கள் பதினாறாம் நாள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அதற்குள் மெமரியை மாற்றி வைக்க வேண்டும். பழைய மெமரி பாட்டுக் கேட்கவும் கரண்ட் பில் கட்டவும் போதும், ஒரு ஆளைத் தாங்காது. படையல் இலையை மடிப்பதற்கு முன் எந்த மெமரி என்று சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். மடித்த பிறகு சொன்னால் கடைக்காரர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஒரே மகன் திருமூர்த்தி வைகாசியில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். இருபத்தாறு வயது.

பதினாறாம் நாள் காலை கம்ப்யூட்டர் கடை காளீஸ்வரன் வேட்டி கட்டி, திருநீறு வைத்து, இரண்டு மெமரி அட்டைகளை வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்து வந்தார்.

"இது பெருசுங்க. பொறந்ததுல இருந்து அத்தனையும் உள்ள நிக்கும். ஆனா மெதுவு. இன்னைக்குக் கேட்டா ஏழெட்டு மாசம் கழிச்சுத்தான் பதில் வரும். இது வேகமானதுங்க. கூப்பிட்ட வாய் மூடறதுக்குள்ள பேசுவாப்ல. ஆனா கடைசி நாலு மாசந்தான் புடிக்கும்."

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா?" என்று கேட்டேன்.

"வேகமானதும் மெதுவானதோட நடைக்கு எறங்கிருமுங்க. உங்க போர்டும் பழசு. ஏதோ ஒண்ணு சொல்லுங்க."

இரண்டையும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம். எதிர்வீட்டு ரங்கநாயகி அம்மாள் தன் கணவருக்குப் பெரியதைப் போட்டார். பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆனியில் கேட்டதற்குத் தையில் பதில் வந்தது. அதற்குள் அந்தக் குழந்தை வேறு பெயரில் தவழ ஆரம்பித்துவிட்டது. அடுத்த வீட்டுப் பெரியவருக்கு வேகமானதைப் போட்டார்கள். அவருக்குப் படுக்கையில் கிடந்த மாதங்கள் மட்டும்தான் ஞாபகம். கம்ப்யூட்டரைப் போட்டதும் தண்ணீர் கேட்பார். திரைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்பு இருக்கும்.

என் மனைவி தெய்வானை யோசிக்கவே இல்லை. "வேகமானதுதாங்க. நான் கூப்பிட்டா அவன் என்னம்மான்னு கேக்கோணும். ஏழு மாசமெல்லாம் என்னால ஆகாது."

"இருபத்தாறு வருசமும் இருக்கட்டும். பல்லு முளைச்சது, சைக்கிள் பழகுனது, எல்லாம் அவனுக்கு வேணும்" என்றேன்.

"அவனுக்கா, உங்களுக்கா?" என்றாள்.

எனக்குத்தான். அந்தக் கடைசி நாலு மாதத்தில் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மொட்டைமாடியில் பதினாலு புறா வளர்த்தான். வேலைக்குப் போகாமல் புறாவோடு பேசிக்கொண்டிருக்கிறானே என்ற ஆத்திரத்தில், அவன் வெளியூர் போயிருந்த ஒரு நாள் கூண்டோடு தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து காலி மொட்டைமாடியைப் பார்த்தான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நான் எதிரே வந்தால் பேச்சை நிறுத்துவான், போனபின் தொடங்குவான். இப்போது வேகமான மெமரியைப் போட்டால் அவனுக்குத் தெரிந்த ஒரே அப்பா புறாவைக் கொடுத்த அப்பா.

என் தங்கை இலையை மடிக்கக் குனிந்துவிட்டாள். தெய்வானை தட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் நான் அவளுக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

"வேகமானதே போடுங்க" என்றேன்.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டான்.

"என்னம்மா, வீட்டுல இத்தனை கூட்டம்?"

"உன்ற காரியம் சாமி."

"ஓ. வடை போட்டாங்களா?"

தெய்வானை சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் வாசற்படியிலிருந்து ஓர் அடி உள்ளே வைத்தேன். திரைக்கு மேலிருந்த கேமரா என்னைப் பார்த்தது. பேச்சு நின்றது.

காளீஸ்வரன் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "தெனமும் ஒரு புது நாள் உள்ள போகும். அதுக்கு எடம் விட்டு ஒரு பழைய நாள் கழண்டு விழுகும். கூட்டித் தள்ளீருங்க."

அப்படியே நடந்தது. காலையில் மேசைக்கு அடியில் ஒரு நாள் கிடக்கும். தெய்வானை அதை முறத்தில் அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுவாள். செடி நன்றாகத் தழைத்தது. எட்டாம் நாள் புறா போன நாள் விழுந்தது. நெல் உமி அளவுக்குத்தான் இருந்தது. அதை மட்டும் நான் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது என்னுடையது.

அன்று தலை சீவிக்கொண்டு ஆசையோடு அறைக்குள் போனேன். பேச்சு நின்றது. காரணம்தான் விழுந்திருந்தது. என்னைக் கண்டால் பேசக் கூடாது என்ற பழக்கம் விழவில்லை. யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. நான் ஒவ்வொரு முறை போய் நிற்கும்போதும் அந்த மௌனம் புதிய நாளில் புதிதாக ஏறிக்கொள்கிறது. இப்படியே போனால் அது என்றைக்கும் கழண்டு விழாது.

ஆகவே நான் போகவில்லை. நாலு மாதம் பின்வாசல் வழியாகத்தான் புழங்கினேன். இருமல் வந்தால் கொல்லைக்குப் போய் இருமினேன். தெய்வானை என்னைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை என்று ஏற்பாடு. அவள் என் பெயரை எப்போதும் சொன்னவள் இல்லை என்பதால் அது அவளுக்குச் சிரமமாக இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவன் பேச்சு விளங்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். சில நாள் அழுதேன். அதையும் கொல்லையில்தான் செய்தேன்.

அவனுக்கு ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. மழை எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கேட்டானாம். அன்று தெய்வானை சாப்பிடவில்லை. "எனக்கு உடனே பேசோணும்னு கேட்டேன், பேசறான். வேறென்ன சொல்றது" என்றாள். ஐப்பசியில் லாரி நாள் விழுந்தது. அதை அவள் செடிக்குப் போடவில்லை, அடுப்பில் போட்டாள்.

நான் அவன் எதிரே போய் நின்ற அந்த முதல் எட்டு நாளும் அதன் பின்னால் விழுந்து தீர்ந்த மறுநாள் காலை, மீசையையும் எடுத்துச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியேறித் தெருவைச் சுற்றி வந்து என் வீட்டு முன்கதவைத் தட்டினேன். தெய்வானை திறந்தாள்.

"யாரும்மா?"

"மேல் ரூம் வாடகைக்குக் கேட்டு வந்திருக்காரு சாமி."

"வாங்க சார், உக்காருங்க" என்றான்.

எட்டு மாதம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. சொன்ன உடனே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா ஒண்டியாத்தான் இருக்காங்க. மேல ஒரு ஆள் இருந்தாத் தேவலைதான். எங்கப்பா எறந்துட்டாருங்க."

அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த அத்தனை நாளிலும் அப்பா வரவில்லை, கணக்குச் சரிதான்.

"கேள்விப்பட்டேன் தம்பி" என்றேன்.

"அப்பா எப்படிம்மா?"

தெய்வானை என்னைப் பார்த்தாள். "கோவக்காரரு. யோசிக்காம எதையாச்சும் செஞ்சுபோடுவாரு. ஆனா எந்நேரமும் உன் நெனைப்பாத்தான் இருப்பாரு."

"பாவம்" என்றான். "அவர் போட்டோ ஒண்ணுகூட இங்க இல்லையேம்மா. சார் ஒரு கை புடிச்சா மாட்டீரலாமே."

பீரோவிலிருந்து நான் பால் சொசைட்டியில் ஓய்வு பெற்றபோது பெரிய மீசையோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். ஸ்டூலில் ஏறி, சுத்தியலோடு நின்றேன்.

"எடப்பக்கமுங்க சார். இன்னுங் கொஞ்சம். மேல. அங்கதான், அங்க இருந்தா எனக்கு எந்நேரமும் தெரியும்."

அவன் சொன்ன இடத்தில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினேன். தெய்வானை கனகாம்பரச் சரம் சாத்தி, ஊதுபத்தி ஏற்றினாள். மூவரும் கும்பிட்டோம். தனக்குக் கை இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டதாக அவன் சொன்னான்.