நாற்பத்து மூன்றாம் வால்வு

ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். பெருந்தன்மையெல்லாம் எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகரத்தின் குடிநீர் வால்வுகளை அலுவலகத்திலிருந்தே திறந்து மூடும் மென்பொருளை எழுதியவன் நான், நகராட்சிப் பொறியாளன். என் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன், "சும்மா பாத்துட்டுத் தரேன் மாமா" என்று வாங்கிப் போனான். மூன்றாம் மாதம் ஒரு கம்பெனிக்கு மேலாளராக வந்து, அதையே ஸ்மார்ட் சிட்டி திட்டம் என்று ஆணையர் முன் விரித்தான். "இங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்றான், என்னைப் பார்த்தபடியே. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்! நான் எழுதியது என்றேன், ஆதாரம் கேட்டார்கள். கோப்பு அறைக்குத் தள்ளினார்கள். என் மனைவியோ, "தம்பி அளவுக்கு உங்களுக்குச் சாமர்த்தியம் போதாது" என்றாள். அதுதான் ரொம்பக் குத்தியது.

கம்பெனியின் மாதாந்தர ஆய்வு அறிக்கைகள் அந்தக் கோப்பு அறைக்குத்தான் வரும். முதல் அறிக்கையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். அன்றே கத்தியிருந்தால், ஏதோ தட்டச்சுப் பிழை என்று துடைத்துவிட்டுப் போயிருப்பான். ஊறட்டும் என்று விட்டேன். இதற்கிடையில் மீட்டர் கணக்கெடுக்கும் பெண்ணுக்கும் பம்ப் எலெக்ட்ரீஷியனுக்கும் மென்பொருள் வேலையைக் கற்றுக்கொடுத்தேன்.

ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் பத்து வருடம் கம்பெனியிடமே விடுவதா, நம் ஆட்களே நடத்துவதா என்று புது ஆணையர் அம்மா கூட்டம் போட்டார். கோப்புக் கட்டோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு வரியும் எங்க ஆளுங்க எழுதினது மேடம். நாங்க போனா ஊரே தண்ணியில்லாம தவிக்கும்" என்றான் மைத்துனன்.

"நாப்பத்து மூணாம் வால்வு எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டேன்.

"அருமையா இருக்கு. போன வாரம்கூட கிரீஸ் போட்டோம்."

"மேடம், ஊர்ல இருக்கறதே நாப்பத்து ரெண்டு வால்வு. சோதனை பண்ணிப் பாக்க என் வீட்டு அடுப்படிக் குழாய நாப்பத்து மூணுன்னு போட்டிருந்தேன், அழிக்க மறந்துட்டேன். இவர் அதையும் சேத்துத் திருடிட்டார்."

எழுபத்திரண்டு அறிக்கைகளை மேசையில் போட்டேன். 'வால்வு 43: நேரில் ஆய்வு செய்யப்பட்டது, நல்ல நிலை.' பக்கத்திலேயே என் வீட்டுக் கதவு எண். ஆணையர் நாலைந்தைப் புரட்டினார். "இனிமே நம்ம ஆளுங்களே நடத்தட்டும்" என்றார்.

விதிப்படி, ஒவ்வொரு வால்வையும் மேலாளரே திறந்து காட்டிக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். இரண்டு நாளில் நாற்பத்திரண்டு முடிந்தன.

"கடைசி ஒண்ணு வேணாமே மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"பட்டியல்ல இருக்கே மாப்ளே. நட."

கதவைத் திறந்தவள் என் மனைவி. எங்களுக்குப் பின்னால் மீட்டர் பெண், எலெக்ட்ரீஷியன். அறிக்கையை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என் மென்பொருள் எப்படி அவன் கைக்குப் போனது என்பதையும் சொன்னேன். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அடுப்படி வாசலிலிருந்து விலகி நின்றாள்.

"வா தம்பி. ஆறு வருஷமா நல்லா பாத்துக்கிட்டியாமே. திறந்து காட்டு."

திறந்தான். தண்ணீர் வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு" என்றாள். சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை.