மீனுக்கு வளர்த்த புழு

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஒருவரைக் கூப்பிட்டுப் பேச ஒரு சாக்கு வேண்டும். சும்மா நினைத்துக்கொண்டால் கௌரவம் குறைந்துவிடும் போல. பெரியவரின் மகனுக்கு அந்தச் சாக்கு ஒரு மீன்.

வேலை மாற்றலாகி வெளியூர் போனபோது அவன் தொட்டியோடு விட்டுப்போன மீன். கையகலம் இருக்கும், குச்சித் தீனியைப் போட்டால் வாயில் வாங்கித் துப்பும். நெளிகிற புழுதான் இறங்கும் அதற்கு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிற மகனின் முதல் பேச்சு, "மீன் எப்படிப்பா இருக்கு?" கடைசிப் பேச்சு, "சாப்ட்டீங்களா?" மீன் போனால் போனும் போச்சு என்று பெரியவர் முடிவே கட்டிவிட்டார்.

கடைக்காரன் புழுவுக்கு மருந்தடிக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒரே ஒரு முறை வாங்கி, மிச்சத்தை வீட்டிலேயே வளர்த்தார். அகலமான டப்பா, நிறையத் தவிடு, ஈரத்துக்குக் கேரட் துண்டு, எறும்பு ஏறாமல் இருக்க அடியில் தண்ணீர்த் தட்டு. காதை வைத்தால் புழுக்கள் மேய்கிற சரசரப்பு கேட்கும். வீட்டில் வேறு சத்தம் கிடையாது. டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனால் புழுக்கள் செத்துக்கொண்டே வந்தன. நேற்றுவரை மேய்ந்த புழு இன்று வெளுத்து, கால்களை மடக்கி, கட்டைபோல் கிடக்கும். "சீக்குப் புழுவத் தலையில கட்டிட்டான்" என்று திட்டிக்கொண்டே அவற்றைப் பொறுக்கி மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியில் கொட்டினார். போன வாரம் டப்பாவில் வெறும் தவிடுதான் மிஞ்சியது. தீனியில்லாத மீன் தொட்டிக்குள் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கமே வரவில்லை.

ஞாயிறு காலை கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஒரு ஜாடியோடு வந்து நின்றாள். உள்ளே கறுப்பு வண்டுகள்.

"பெரியவரே, உங்க சரக்க நீங்களே வச்சுக்குங்க. மாடிப்படிக்குக் கீழ வச்ச என் வெட்டுத்துணி மூட்டை பூரா இதுங்கதான்."

"என்கிட்ட வண்டு ஏதும்மா? நான் வளத்தது புழு. அதுவும் செத்துப்போச்சு."

"எங்க செத்துச்சு? நீங்க கொட்டினத ஊசியால தொட்டேன், வாலை ஆட்டுது. தோலை உரிச்சுட்டு வண்டா எந்திரிக்குது. இதுங்க முட்டை போட்டாத்தான் உங்களுக்குப் புழு."

"செத்தது வாலை ஆட்டுமா? யார் காதுல பூ சுத்துற?"

"நல்லா சுத்தினேன்! நீங்கதான் உசிரோட இருக்கறதையெல்லாம் குப்பையில போடறீங்க." ஜாடியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மகனின் அழைப்பு வந்தது. பெரியவர் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தார்.

"மீன் எங்கப்பா?"

"தூங்குது."

"இந்நேரத்துலயா?"

வேறு வழியில்லாமல் ஜாடியிலிருந்து ஒரு வண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது மிதந்தபடி கால்களைத் துடுப்பாக அடித்தது. குழாய்க்குப் பின்னாலிருந்து மீன் ஒரு பாய்ச்சல். சளப்பென்று வண்டைக் காணோம். துப்பவுமில்லை. பெரியவருக்கு மூச்சு வந்தது.

"பாத்துட்டல்ல? வச்சிடவா?"

"இருங்கப்பா. போனை உங்க பக்கம் திருப்புங்க."

"எதுக்கு?"

"உங்களப் பாக்கத்தான். எத்தனை மாசமா நான் தொட்டிக் கண்ணாடியவே பாத்துட்டிருக்கேன். மீனக் கேட்டாத்தானே நீங்க போனை வச்சிடாம பேசறீங்க?"

பெரியவர் திருப்பினார். அவருடைய மழிக்காத முகம் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்தது. மகன் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்படிப் பார்த்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

"என்னடா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம்பா."

ஒன்றும் வேண்டாமல் யார் கூப்பிடுவார்கள்? போனைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து, மீனைப் பார்க்கும்படி வைத்தார். மிச்ச வண்டுகளைத் தவிட்டில் கொட்டினார். "அப்பா, அப்பா" என்று மகனின் குரல் மீனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, இதுகளாவது புழு போடுவதாவது என்று முணுமுணுத்தபடி, கேரட் நறுக்க அடுப்படிக்கு நடந்தார்.