உள்வாயில் ஒரு வீடு

வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் விமானம் ஏறினேன். மகளைப் பார்க்கப் போகிறேன், வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்பதெல்லாம் வெளியில் சொல்லிக்கொண்டது. மனசுக்குள் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

என் மகள் திலகவதி ஹாலந்தில் வேலை பார்க்கிறாள். போய் ஏழு வருடம் ஆகிறது. நான் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்துபோய், எங்களோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போனவள். இந்தச் சித்திரையில் ஒருநாள் போன் செய்து, அங்கே ஒரு கிராமத்தில் வீடு வாங்கப்போவதாகச் சொன்னாள்.

"அந்த ஊரெல்லாம் கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குங்கிறாங்களே, நெசமா ஆத்தா?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா. நான் வாங்குற வீடு ரெண்டு மீட்டர் கீழ இருக்கு" என்றாள். ஏதோ பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அரிமளத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊர்க் கண்மாயின் பாசனதாரர் சங்கத்துக்குப் பதினான்கு வருடமாக நான்தான் தலைவர். சேவுகன் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேருக்குப் பிடிக்காது. கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உட்பக்கம் தண்ணீர் வந்து தேங்குகிற இடத்தில், எவன் கொட்டகை போட்டாலும் முதல் ஆளாக மனு எழுதி அதைப் பிரிக்கவைப்பவன் நான். தண்ணீர் நிற்கிற இடத்தில் மனுஷன் குடியிருக்கக் கூடாது என்று எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இப்போது நான் பெற்றதே உள்வாயில் குடியேறப் போகிறதாம்.

மறுநாள் அவளே திரும்ப அழைத்தாள். "நீங்க வேணாம்னா வாங்கலப்பா. ஆனா ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். வீடு வாங்காவிட்டால் அங்கே அவளுக்கு வேர் பிடிக்காது, ஊருக்குத் திரும்பிவிடுவாள், இன்னொரு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மாடு கன்று ஈன்றிருந்ததால் என் மனைவி செவந்தி வரவில்லை. "பாக்கிறதுக்கு முன்னாடியே வாயத் தொறந்துறாதீங்க" என்று திருச்சி ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், எங்கள் இருவருக்கு மட்டும் தனியாக ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் காற்றாலைகளையும் கிராமங்களையும் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்களாம். அடுத்த நாள் பத்திரத்தில் கையெழுத்து. காரை ஓட்டியவர் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஸ்டூல் இல்லாமலே சீலிங் ஃபேன் துடைக்கிற உயரம். நான் ஒரு கண்மாய்ச் சங்கத்துக்குத் தலைவர் என்று திலகவதி முன்பே சொல்லிவைத்திருந்தாள் போல. கலெக்டரைப் பார்த்த மரியாதையோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெட்டையர் என்று அவருக்கு மனசுக்குள் பெயர் வைத்தேன்.

அரை மணி நேரம் போனதும் சாலையோரம் காரை நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார். பக்கத்தில் புல் மூடிய பெரிய கரை ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. அந்தக் கரைக்கு மேலே, என் தலைக்கு மேலே, ஒரு கப்பல் போயிற்று. சரக்கு ஏற்றிய இரும்புக் கப்பல். அதன் மேல்தட்டில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே தரையைப் பார்த்தேன், மறுபடி மேலே பார்த்தேன்.

"வண்டியத் திருப்பச் சொல்லுத்தா. தண்ணி மேல நிக்கிது, நம்ம கீழ நிக்கிறோம்" என்று கத்தினேன்.

"எப்பவுமே அப்படித்தாம்ப்பா. வாங்க, மேல ஏறிப் பாருங்க" என்று என் கையைப் பிடித்துப் படிக்கட்டில் ஏற்றினாள்.

கரையின் மேல் போய் நின்றேன். இந்தப் பக்கம் ஆறு, நுரை தட்டிக்கொண்டு ததும்பி ஓடுகிறது. அந்தப் பக்கம் ஆற்றை விடப் பள்ளத்தில் பச்சைப் பசேலென்று வயல், மாடு, சர்ச், பள்ளிக்கூடம், வரிசையாக ஓட்டு வீடுகள். எங்கள் கண்மாய் உள்வாய் நூற்றிருபது ஏக்கர். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உள்வாய்தான். அதற்குள் ஒரு சீமையே நிம்மதியாகக் குடியிருக்கிறது. ஐந்நூறு வருடம் முன்னால் இதெல்லாம் சேறும் தண்ணீருமாகக் கிடந்த பூமி என்று நெட்டையர் சொல்ல, திலகவதி தமிழில் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்தேன். கரையைச் சோதித்தேன். எலி வளை இருக்கிறதா, நண்டு குடைந்திருக்கிறதா, மரம் வேர்விட்டிருக்கிறதா என்று குனிந்து குனிந்து ஒரு பர்லாங் நடந்தேன். காலால் மிதித்துப் பார்த்தேன். ஒரு குறை சொல்லக் கிடைக்கவில்லை. கரைமேல் செம்மறி ஆடு மேய்ந்தது. ஊரில் ஆட்டைக் கரையில் ஏற்றினால் நான் அபராதம் போடுவேன். இங்கே புல்லை ஒட்டக் கடிக்கவும், மண்ணை மிதித்து இறுக்கவும் ஆட்டை வேண்டுமென்றே விடுகிறார்களாம்.

"எப்படிப்பா இருக்கு கரை?" என்று திலகவதி கேட்டாள்.

"பரவாயில்ல" என்றேன். என் வாயிலிருந்து ஒரு கரைக்கு அந்த வார்த்தை வந்ததே பெரிய விஷயம். அது அவளுக்கும் தெரியும், திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அங்கிருந்து காற்றாலைகள் இருக்கும் இடத்துக்குப் போனோம். வாய்க்காலின் இரண்டு பக்கமும் பத்தொன்பது ஆலைகள். ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கரண்டு எடுக்கும் காற்றாடிகளைப் பார்த்திருக்கிறேன். அவை இரும்பு; பார்ப்பேன், தூங்கிவிடுவேன். இவை வேறு. கூரை வேய்ந்த பெரிய உடம்பு, அதில் ஒரு பனைமர நீளத்துக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் பாய் கட்டியிருக்கிறது. கிட்டத்தில் நின்றபோது ஒரு கை தரையைத் தொட்டுவிடும் போல இறங்கி, 'ஹூம்' என்று மூச்சுவிட்டுவிட்டு மேலே போயிற்று. அடுத்தது இறங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்படி நின்றேன் என்று ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு ஆலைக்குள் விட்டார்கள். அதை ஓட்டுவது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. குடும்பத்தோடு அதற்குள்ளேயே குடியிருக்கிறார். உள்ளே நட்டநடுவில் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும் மரத்தூண் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சட்டத்தில் கை வைக்கச் சொன்னார். வைத்தேன். கட்டடம் முழுக்க அதிர்வது உள்ளங்கை வழியாக நெஞ்சுக்கு வந்தது. கீழே ஒரு பெரிய சக்கரம், பள்ளத்து வாய்க்கால் தண்ணீரை வாரி வாரி மேட்டு வாய்க்காலுக்குத் தள்ளியது.

"இந்தத் தண்ணி எங்க போகுது?" என்றேன்.

"வெளியப்பா. ஆத்துக்கு. அப்படி எறைச்சாத்தான் ஊரு இருக்கும்."

வெளியே! நான் கிளம்பிய அன்று எங்கள் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு மழைக்காக மேகத்தை அண்ணாந்து பார்த்தே எங்களுக்குக் கழுத்து வலிக்கிறது. இங்கே முந்நூறு வருடமாகத் தண்ணீரை வேண்டாம் வேண்டாம் என்று வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு, ஒரு நாள் இறைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இப்போது பெரும்பாலும் மோட்டார்தான் இறைக்கிறது என்றாலும், அவசரத்துக்கு இவற்றையும் தயாராக வைத்திருக்கிறார்களாம். முந்நூறு வருடத்தில் ஒரு தலைமுறைகூட அசந்து தூங்கவில்லை. அந்த ஆலைக்கார அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். அவரும் என்னைப் போலவே கைகூப்பினார்.

வழியில் ஒரு பண்ணையில் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். சோப்பை மென்ற மாதிரி இருந்தது; நாக்கைச் சுட்டாலும் நம் மோர்மிளகாய் தேவலை. ஆனால் அந்தக் கிராமங்கள் அழகு. வீட்டுக்கு வீடு வாய்க்கால், வீட்டுக்கு வீடு ஒரு குட்டிப் பாலம். வாய்க்கால் ஓரங்களில் தண்ணீர் மட்டம் பார்க்கிற அளவுப் பலகை நட்டிருந்தது. எங்கள் மடையிலும் அதே மாதிரி அளவுக்கல் உண்டு. அதைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன். உடனே, வந்த வேலையை மறக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டு வாசலில் கார் நின்றது. வரிசையில் கடைசி வீடு. செங்கல் சுவர், சின்னத் தோட்டம், பின்னால் நூறு அடியில் கரை. கரைக்கு அப்பால் ஆறு. திலகவதி என்னையே பார்த்தாள். அவள் கைவிரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

நான் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "வீடு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்கிட்டு மழ பேஞ்சு ஆறு பொங்குனா, கரைக்கு யாரு போவா?"

இதற்கு அவளிடம் பதில் இருக்காது என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி வரும்போது, தலைக்கட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கரைக்கு வந்தாக வேண்டும். தலைக்கட்டு என்றால் ஆம்பளையைத் தலைவனாகக் கொண்ட ஒரு குடும்பம். பட்டியலை எழுதி வைத்திருப்பவன் நான். பெண் ஒருத்தி தனியாக இருக்கிற வீடு அந்தப் பட்டியலில் வராது. கரைக்கு ஆள் அனுப்ப முடியாத வீடு கரைக்குக் கீழே இருந்து என்ன பயன் என்பதுதான் என் வாதம்.

நான் என்ன கேட்டேன் என்று நெட்டையர் விசாரித்தார். திலகவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கொட்டுகிற மழை. கரைமேல் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட எட்டுப் பேர். ஏழு பேர் நெட்டை. நடுவில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு, கையில் டார்ச்சோடு, குட்டையாக என் பெண்.

"என்னத்தா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லப்பா..."

"சொல்லு."

அவள் குரல் இறங்கியது. "இங்கயும் பேரு எழுதி வச்சிருக்காங்கப்பா. ஆத்துல தண்ணி ஏறுனா போன் வரும், நாங்க கரைக்குப் போகணும். எங்க குழுவுக்கு இவருதான் தலைவரு. அந்த வளைவுலேருந்து சர்ச் வரைக்கும் என் பொறுப்பு. போன தை மாசம் தண்ணி ஏறுனப்ப, இப்ப இருக்குற வாடகை வீட்டுலேருந்தே வந்து நாலு நாள் நின்னேன். ஊத்து கண்ட எடத்த நான்தான் மொதல்ல பாத்துச் சொன்னேனாம். அதத்தான் சொல்றாரு."

கரையில் ஊற்றுக் காண்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். விரல் பருமனில் தண்ணீர் கசியும். கண்ணில் பட்டால் ஊர் பிழைக்கும். படாவிட்டால் விடிவதற்குள் கரை போய்விடும். கீழே தெரிந்த அத்தனை ஓட்டு வீடுகளையும் பார்த்தேன். அங்கே சைக்கிளில் போன பிள்ளைகளைப் பார்த்தேன். இவ்வளவையும் இவர்கள் என் பெண்ணை நம்பி விட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தக் கார்த்திகை மத்தியானம் ஞாபகம் வந்தது. அவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த வருடம். கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் போகிற அளவுக்கு மழை. கரையில் நாற்பது ஆண்கள் மண் அணைத்துக்கொண்டிருந்தோம். இவள் மண்வெட்டியும் கையுமாக நனைந்துகொண்டு வந்தாள். "நீ எதுக்குத்தா வந்தே? ஒன் பேரு கணக்குல இல்ல. வீட்டுக்குப் போ" என்றேன், எல்லோர் முன்னாலும். மண்வெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். மழையில் நனைகிறாளே என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். வாழாமல் வந்தவள் நாலு பேர் முன்னால் நிற்கிறாளே என்று எனக்குக் கூசியது.

"அன்னைக்கு ஒன்னையக் கரையிலேருந்து போகச் சொன்னேன்ல. அதுக்காகத்தான் இங்கிட்டு வந்துட்டியாத்தா?"

"இல்லப்பா. வேலைக்குத்தான் வந்தேன்" என்றாள். "ஆனா இங்க பேரு குடுக்கப் போனப்ப, வீட்டுல ஆம்பளை யாருன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெட்டையர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா. வாங்கவா, வேணாமா?"

கரை காக்கிற தலைக்கட்டுக்கு அந்த ஊரில் வீடு வேண்டாம் என்று சொல்ல எந்தச் சங்கத் தலைவனுக்கும் வாய் வராது. "கையெழுத்துப் போட்டுறுத்தா" என்றேன். "மொதல்ல ஒன் பங்குக் கரையக் காட்டு. பாத்துட்டுப் போவோம்."

மணி ஒன்று தாண்டிவிட்டது. பரவாயில்லை, இருக்கிறேன் என்று நெட்டையர் காரில் சாய்ந்து நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் கரையில் ஏறினோம். எங்கள் ஊரில் கரை பார்க்கப் போனால் தலைவர்தான் முன்னால் நடப்பார். மற்றவர்கள் பின்னால் வருவார்கள். நான் ஒதுங்கி நின்று என் மகளை முன்னால் போகவிட்டேன்.