கையை எடுக்கும் இடம்

ஜெப்சி செயற்கைச் சுவாசப் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தினால் அப்பாவின் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. வில்லுக்குறி தாண்டி ஆம்புலன்ஸ் ஒரு குழியில் இறங்கி ஏற, அவர் வாயிலிருந்த குழாயை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அம்மா நேசபாய் அப்பாவின் பாதங்களைச் சேலைத் தலைப்பால் மூடி, அதன்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டிரைவர பைய போவச் சொல்லு மக்ளே. அவருக்கு இந்த ஆட்டம் பிடிக்காது."

அப்பா செல்வதாஸுக்கு எதுதான் பிடித்தது? குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தவர். ஆஸ்பத்திரிக் கஞ்சி பிடிக்காது, ஏசி பிடிக்காது, மகள் வருஷக்கணக்காக டாக்டராக இருக்கும் அந்த நாகர்கோவில் ஆஸ்பத்திரியே பிடிக்காது. நினைவு தப்புவதற்கு முந்தின நாளும் அவளிடம் எரிந்து விழுந்தார்: "எனக்க சீவன் எனக்க வீட்டுல போணும். இங்க கெடந்து போனேன்னா ஒன்ன சும்மா விட மாட்டேன்."

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இன்று காலையில் அவளேதான் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழவில்லை. உயிரோடு வீட்டில் கொண்டு சேர்த்தால் போதும் என்றாள். சேர்க்கிறேன் என்று ஜெப்சி வாக்குக் கொடுத்தாள். வீட்டில் போதகரும் சபைக்காரர்களும் காத்திருந்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இப்படி எத்தனையோ பேரை அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். கூடப் போகும் நர்ஸிடம் ஒரே பேச்சுதான்: "வழியில என்ன ஆனாலும் கையை எடுக்கப்பிடாது. வீட்டுக் கட்டில்ல கிடத்துன பொறவு எடுத்தா போதும். அதுவரைக்கும் உயிரு இருக்குன்னு இருக்கட்டு." சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவாள். வண்டியில் ஒருதடவைகூட ஏறியதில்லை.

தக்கலை நெரிசலில் வண்டி நின்றது. ஜெப்சி அப்பாவின் கழுத்தோரம் விரல் வைத்துப் பார்த்தாள். விரலை மாற்றி வைத்தாள். இமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு மானிட்டரை அம்மாவுக்குத் தெரியாதபடி மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

வார்டாக இருந்தால் இறந்த நேரம் குறிக்க மணி பார்ப்பாள். இப்போது பார்க்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது. கை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது.

டிரைவர் அனில்குமார் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் அனுப்பியவர்களையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

"டாக்டரம்மா, சைரன் போடட்டா?"

"போடுங்க."

சைரன் சத்தத்துக்கு நடுவே அம்மா கேட்டாள்: "மூச்சு இருக்குல்லா மக்ளே?"

"இருக்கும்மா."

அம்மா தலையாட்டினாள். சேலைத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாதங்களைப் பொதிந்து வைத்தாள். திருவட்டாறு போனது. ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. ஜெப்சியின் விரல்கள் மரத்துப்போயின. கை மாற்றி அழுத்தினாள்.

வீட்டு வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. நாலு பேர் தூக்க, அவள் பையை அழுத்திக்கொண்டே கூட நடந்தாள். முன்னறைக் கட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். போதகர் ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்னார்கள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

இதுதான் கையை எடுக்க வேண்டிய இடம். அவளுக்குக் கை வரவில்லை. அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். காதருகே குனிந்தாள்.

"போதும் மக்ளே. தக்கலையிலேயே காலு தணுத்துச் சில்லிட்டுப் போச்சு. எனக்குத் தெரியும்."

ஜெப்சி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அம்மா போதகர் பக்கம் திரும்பிவிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இப்பம்தான் ஐயா. வீட்டுல வந்துதான் போனாரு."

ஜெப்சி விரல்களைத் தளர்த்தினாள். அமுங்கிக் கிடந்த பை தானாகவே காற்றை இழுத்து, மெல்ல நிமிர்ந்தது.